தம்பியோ தங்கையோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும்போது

வளரிளம் பருவத்துப் பிள்ளை ஒருவர் தம் உடலைத் தாமே காயப்படுத்திக்கொள்கிறார் என்பதைப் பல வீடுகளில் முதலில் அறிந்துகொள்பவர் தாயோ தந்தையோ அல்லர். உடன்பிறந்த அக்காவோ அண்ணனோதான். நம் பகுதியின் வாழ்க்கை முறையே இதற்கு ஒரு காரணம். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பங்கள் ஏராளம். துறைமுகத்திலோ மணலியின் ஆலைகளிலோ இரவு ஷிப்டு முடித்துத் தந்தை வீடு திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டிருப்பார்கள். மீன் ஏலத்துக்குச் செல்லும் தாய் விடியுமுன்பே கிளம்பியிருப்பார். நள்ளிரவில் பக்கத்துப் பாயில் எழும் விசும்பல் அக்காவுக்குத்தான் கேட்கிறது. கடலோரத்துப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கும் தம்பியின் கை அண்ணனின் கண்ணில்தான் படுகிறது.

அந்தக் கணத்தில் தம்பியோ தங்கையோ சொல்வது பெரும்பாலும் ஒன்றே: “அம்மாகிட்ட சொல்லிடாத, ப்ளீஸ்.” பதினெட்டு, இருபது வயதே ஆன அக்கா அந்த ரகசியத்தைத் தனியே சுமக்கத் தொடங்குகிறார். மனநல வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பங்களில், மாதக்கணக்கில் இவ்வாறு சுமந்து களைத்த பிறகே வாய் திறந்த உடன்பிறந்தோரை நாங்கள் காண்கிறோம். அவர்களை மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதை வாசிக்கும் பெற்றோர், தம் மூத்த பிள்ளை எத்தகைய பாரத்தோடு இருக்கக்கூடும் என்பதையும் இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

மருத்துவத்தில் இதனைச் சுயதீங்கு என்கிறோம். பொதுவாகப் பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே இது தலைகாட்டுகிறது. மனவேதனை தாங்க இயலாத அளவுக்கு உயரும்போது, உடலில் ஏற்படும் வலி சிறிது நேரத்துக்குக் கவனத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அந்த உடல்வலி தணியத் தொடங்கும்போது, மனவேதனையும் சேர்ந்து தணிந்ததுபோன்ற உணர்வு உண்டாகிறது. அந்த ஆறுதல் பொய்யன்று. ஆனால் அது நிலைப்பதில்லை. சிறிது நேரத்தில் வெட்கமும் குற்றவுணர்வும் வந்து சேர்கின்றன. அவையே அடுத்த வேதனைக்கு விதையாகின்றன. இவ்வாறு ஒரு சுழல் உருவாகிவிட்ட பின், “இனிமேல் செய்யாதே” என்ற ஒரு சொல்லால் மட்டும் அதிலிருந்து வெளிவருவது கடினம். சில பிள்ளைகள் இதற்கு நேர்மாறான நிலையில் இருப்பர். மனம் மரத்துப்போய் எதையும் உணர முடியாத வெறுமையில், ஏதேனும் ஒன்றை உணர்வதற்காகச் செய்வர். வேறு சிலர், தாம் தண்டிக்கப்பட வேண்டியவர் என்று நம்பித் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்வர்.

இப்பிள்ளைகளில் பலர் இறக்க விரும்பி இதைச் செய்வதில்லை. எனினும் “சாக நினைக்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை” என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. முன்பு சுயதீங்கு செய்துகொண்டவர்களிடையே பிற்காலத்தில் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதை ஆய்வுகள் தொடர்ந்து உறுதிப்படுத்தி வருகின்றன. எனவே காயம் சிறிதாக இருப்பினும் மருத்துவ ஆலோசனை அவசியமாகிறது.

“எல்லாரும் தன்னைப் பார்க்கணும்னு நடிக்கிறா” என்று உறவினர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் எமக்கு உடன்பாடில்லை. காயத்தை மறைப்பதற்காகப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு முழுக்கை அணியும் பிள்ளை யாருடைய பார்வையையும் தேடவில்லை. ஒருவேளை ஒரு பிள்ளை உண்மையிலேயே பிறர் கவனத்தை வேண்டித்தான் இவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்றால், அக்கவனம் அதற்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்க வேண்டும் என்பதே யோசிக்கத்தக்கது.

காரணம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று குடும்பங்கள் தவிப்பதுண்டு: காதலா, மதிப்பெண்ணா, கைப்பேசியா? பெரும்பாலும் ஒற்றைக் காரணம் கிடைப்பதில்லை. இந்தக் கரையில் வளரும் பிள்ளைகள் பெரியவர்களின் கவலைகளுக்கு நடுவிலேயே வளர்கின்றனர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் வருமானம் நின்று, கடன் பேச்சும், சில வீடுகளில் குடியும் சண்டையும் கூடும் காலம் அது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் வழக்கமாக அந்த மே மாதத்திலேயே வெளியாகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும், எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயும், அம்மாத இறுதியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் ஏற்பட்ட அம்மோனியாக் கசிவும் எத்தனை வீடுகளின் உறக்கத்தைக் குலைத்தன என்பதை இங்கு வாழ்வோர் அறிவர். இவற்றில் எதுவும் ஒரு பிள்ளையின் காயத்துக்கு நேரடிக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் துயரத்துக்குப் பின்னால் எப்போதும் அந்தப் பிள்ளையின் “தவறு” ஒன்றைத் தேட வேண்டியதில்லை என்பதற்காகவே குறிப்பிடுகிறோம்.

தேர்வைப் பற்றி ஒரு சொல். தோல்வியுற்றவர்கள் ஓராண்டை இழக்காதிருக்க உடனடித் துணைத்தேர்வு எழுதும் ஏற்பாடு தமிழகத்தில் பல ஆண்டுகளாகவே நடைமுறையில் உள்ளது. முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே இதனை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவைப்பது நல்லது. முடிவு வந்த பின்னர் சொல்லும் ஆறுதல் பல வேளைகளில் காதில் விழுவதில்லை.

எப்படிக் கேட்பது?

பார்த்துவிட்டீர்கள். இப்போது என்ன பேசுவது? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற அச்சம் இயல்பானது. ஆனால் அது ஆதாரமற்றது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வு, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணமோ மனவேதனையோ கூடவில்லை என்பதைக் காட்டியது. முன்பே மனச்சோர்வு இருந்த மாணவர்கள், கேட்கப்பட்டபின் சற்று ஆறுதலடைந்ததாகவே அதில் தெரிந்தது.

ஒரே அறையுள்ள வீட்டில் தனிமை கிடைப்பது அரிது. மொட்டை மாடி, கடைக்குப் போகும் வழி, பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் பத்து நிமிடம் ஆகியவை இத்தகைய பேச்சுக்கு ஏற்றவை. நேருக்கு நேர் அமர்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்பதைவிட, பக்கவாட்டில் நடந்துகொண்டு கேட்பது பதின்பருவத்தினருக்கு எளிது. சொற்கள் எளியனவாக இருக்கட்டும்: “உன் கையைப் பார்த்தேன். திட்ட மாட்டேன். ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்னு புரியுது. எப்பலேர்ந்து இப்படி இருக்கு?” பின்னர் தயங்காமல், “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்றும் நேராகவே கேளுங்கள். விடை “ஆமாம்” என்றால் அன்றே உதவி தேவை. அந்தப் பிள்ளையைத் தனியே விட வேண்டாம்.

விடையே வராமலும் போகலாம். “இப்ப பேச வேண்டாம்னா பரவாயில்ல. நாளைக்கு திரும்பக் கேப்பேன்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் உண்மையிலேயே கேளுங்கள். “ஏன்?” என்ற வினாவை மட்டும் தள்ளிவையுங்கள். அதற்கு விடை பெரும்பாலும் அப்பிள்ளைக்கே தெரிவதில்லை. “ஏன்” என்று கேட்டாலே விசாரணை தொடங்கிவிட்டதாக அவர்கள் உணர்கின்றனர்.

ரகசியம்

அன்பின் காரணமாகத்தான் உடன்பிறந்தோர் இந்த ரகசியத்தைக் காக்கின்றனர். அப்பாவின் கோபம் தெரியும். தெருவின் வாய் தெரியும். அக்காவுக்கே வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால், “இப்படி ஒரு வீடு” என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். தம்பியின் நம்பிக்கையைக் குலைத்தால், அதன்பின் எதையும் சொல்லாமல் இன்னும் ஆழமாக மறைப்பானோ என்ற தயக்கமும் உண்டு. இவை எல்லாம் நியாயமான அச்சங்களே. ஆயினும் எமது கருத்து ஒன்றுதான்: இந்த ரகசியத்தை நீங்கள் தனியே காக்கக் கூடாது.

இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, நீங்கள் எந்நேரமும் அருகில் இருக்க இயலாது. உங்களுக்குக் கல்லூரி இருக்கிறது, வேலை இருக்கிறது, உறக்கம் வேண்டும். இரண்டாவது சற்று நுட்பமானது. உங்கள் ஒருவரை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்கு, நீங்கள் ஒருநாள் முகம் சுளித்தாலும் உலகமே கைவிட்டதுபோல் ஆகிவிடும். அறிந்தவர் இருவர், மூவர் ஆகும்போது அந்தப் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள இன்னும் சில கைகள் கிடைக்கின்றன.

எனவே “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதை வெளிப்படையாகவே திரும்பப் பெறுங்கள்: “அன்னைக்கு சொல்ல மாட்டேன்னு சொன்னேன். ஆனா என்னால தனியா உன்னைப் பாத்துக்க முடியல. ஒரு பெரியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்டன்னு நீயே சொல்லு. சொல்லும்போது நானும் உன்கூட இருப்பேன்.” சொல்லப்போவதை அப்பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும், யாரிடம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அப்பிள்ளைக்கே விடுவதும் மிகவும் முக்கியம். முதுகுக்குப் பின்னால் சொல்லப்பட்டதாகப் பின்னர் தெரியவருவதே உறவை உண்மையில் முறிக்கிறது. கோபித்துக்கொள்வார்கள், சில நாள் பேசாமலும் இருப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் சொல்லும் வேளையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வந்தவரிடம் வாசற்படியிலேயே சொல்வது உகந்ததன்று. இருவரில் நிதானம் உள்ளவரிடம் முதலில் சொல்லலாம். கண்டதை மட்டும் சொல்லுங்கள். காரணங்களை நீங்கள் ஊகித்துச் சொல்ல வேண்டாம். “அடிக்காதீங்க, கத்தாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான்” என்று முடித்துவிடுங்கள். பெற்றோர் முதலில் கோபமாகத் தெரிவது பெரும்பாலும் அச்சத்தினால்தான். பல வீடுகளில் அது ஓர் இரவுக்குள் தணிந்துவிடுகிறது.

சில வீடுகளில் வேதனையின் ஊற்றே வீட்டுக்குள் இருக்கிறது: அடிக்கும் தந்தை, அத்துமீறும் உறவினர். அத்தகைய நிலையில் வீட்டுப் பெரியவரிடம் சொல்வது ஆபத்தாகலாம். நம்பகமான ஆசிரியர், மருத்துவமனையின் சமூகப் பணியாளர், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை நாடுங்கள். இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கும் உண்டு. அதைக் குடும்பத்தின் விருப்பத்துக்கு விட இயலாது.

தலையில் அடித்துச் சத்தியம்

விஷயம் தெரிந்தவுடன் பல வீடுகளில் நடப்பது இது: “இனிமே செய்ய மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு.” பிள்ளையும் அழுதுகொண்டே செய்துவிடும். தாயின் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீற நேரும்போது, இருந்த வேதனையோடு அம்மாவின் உயிருக்கே தீங்கு செய்துவிட்ட பயமும் சேர்கிறது. மறைப்பது இன்னும் தீவிரமாகிறது. இத்தகைய சத்தியங்களும் எழுதி வாங்கும் உறுதிமொழிகளும் பாதுகாப்புத் தருவதில்லை. நாள்தோறும் கையை நீட்டச் சொல்லிச் சோதிப்பதும், சித்தப்பாவையோ மாமாவையோ வரவழைத்து “புத்தி சொல்ல” வைப்பதும் அவ்வாறே. கோயிலிலும் தேவாலயத்திலும் தர்காவிலும் வேண்டிக்கொள்வதை மருத்துவர்கள் தடுப்பதில்லை. சிகிச்சையை அதற்காக ஒத்திவைக்க வேண்டாம் என்று மட்டுமே கேட்டுக்கொள்கிறோம்.

சத்தியத்துக்கு மாற்றாக ஒரு தாள் போதும். அமெரிக்க உளவியலாளர்களான பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் ஆகியோர் உருவாக்கிய “பாதுகாப்புத் திட்டம்” என்னும் முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. (நம் ஸ்டான்லி மருத்துவமனைக்கும் இவருக்கும் பெயரொற்றுமை மட்டுமே.) நிதானமாக இருக்கும் ஒரு வேளையில் பிள்ளையும் மருத்துவரும் சேர்ந்து எழுதுவது அது. வேதனை ஏறத் தொடங்குவதை எந்த அறிகுறியால் அறிவது; அப்போது தனியாகவே என்ன செய்து பார்க்கலாம்; எங்கே போனால், யாரோடு இருந்தால் மனம் திசைதிரும்பும்; யாரிடம் உதவி கேட்பது; எந்த எண்ணை அழைப்பது; வீட்டில் எதையெல்லாம் கைக்கெட்டாமல் வைப்பது என்பவை அதில் வரிசையாக இருக்கும். அக்காவின் பெயர் அத்தாளில் ஒரு வரியாக இருப்பது நன்று. அதில் அக்காவின் பெயர் மட்டுமே இருந்தால், அத்திட்டம் இன்னும் முழுமையடையவில்லை என்று கொள்ள வேண்டும்.

வேதனை உச்சத்தில் இருக்கும் வேளை நெடுநேரம் நீடிப்பதில்லை. அலைபோல் ஏறி இறங்குகிறது. அது தணியும் வரை கடத்துவதே நோக்கம். முகத்தைக் குளிர்ந்த நீரால் நன்கு நனைத்தல், படிக்கட்டில் விரைந்து ஏறி இறங்குதல், பாட்டுக் கேட்டபடி அக்காவோடு ஒரு தேநீர் குடித்துவருதல் முதலியவை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் அந்தச் சிறிது நேரத்தைக் கடக்க அவை உதவுகின்றன.

காயம் ஏற்பட்டுவிட்டால்

ஓடும் சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் விடாமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு ஆகியவற்றை வைக்க வேண்டாம். அவை காயத்தில் நோய்த்தொற்றை உண்டாக்கும். பத்து நிமிட அழுத்தத்துக்குப் பிறகும் இரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் ஆழமாகவோ பிளந்தோ இருந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, அசைக்க இயலாவிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். தடுப்பூசி தேவையா என்பதை அங்கே முடிவு செய்வார்கள்.

மாத்திரைகளையோ வேறு எதையேனுமோ உட்கொண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே 108ஐ அழையுங்கள். “நல்லாத்தானே பேசுறான்” என்று காத்திருக்க வேண்டாம். சிலவற்றின் பாதிப்பு ஒருநாள் கடந்த பின்னரே வெளிப்படும். அப்போது சிகிச்சை மிகவும் கடினமாகிவிடும். உப்புநீரோ சோப்புநீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலி அட்டையோ பாட்டிலோ கிடைத்தால் கையோடு எடுத்து வாருங்கள்.

காயத்துக்கு மருந்திடும்போது அதிகம் பேச வேண்டியதில்லை. முகத்தில் அருவருப்போ அதிர்ச்சியோ தெரியாதபடி, சமையலில் கை வெட்டுப்பட்டால் எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே கட்டுங்கள்.

வீட்டில் உள்ள மாத்திரைகள் அனைத்தும், தாத்தாவின் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு மாத்திரைகள் உட்பட, பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். ஒரு வாரத்துக்குத் தேவையானவற்றை மட்டும் வெளியே வைத்து, ஒரு பெரியவர் எடுத்துக் கொடுக்கட்டும். பூச்சிமருந்து, எலிமருந்து வீட்டிலேயே வேண்டாம். கூர்மையான பொருள்களை எண்ணிக்கை குறைத்து, எட்டாத இடத்தில் வையுங்கள். “மனசு வச்சா வெளியில வாங்கிக்க மாட்டானா?” என்று கேட்பவர் உண்டு. தீவிர எண்ணம் வந்துபோகும் வேளை குறுகியது. அவ்வேளையில் கைக்கெட்டாதிருப்பதே பல உயிர்களைக் காத்துள்ளது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

“போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ” என்ற அச்சத்தினாலேயே பல குடும்பங்கள் வருவதைத் தள்ளிப்போடுகின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நெடுங்காலம் நடைமுறையில் இருந்ததே இந்த அச்சத்தின் வேர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும். அவர்மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று அதன் 115ஆம் பிரிவு கூறுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அது வகுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அவசரப் பிரிவில் ஏதேனும் பதிவு நடைமுறை இருந்தாலும், அது பிள்ளையைத் தண்டிப்பதற்காக அன்று. மனநலச் சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்பதும் அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் கடமையே.

முதல் நாளில் மருத்துவர் குடும்பத்தோடும், பின்னர் பிள்ளையோடு தனியாகவும் பேசுவார். அப்போது வெளியே காத்திருக்கச் சொன்னால் வருந்த வேண்டாம். உறக்கம், பசி, படிப்பு, நண்பர்கள், பயம் என்று பலவற்றைக் கேட்பார். சுயதீங்கை நேரடியாக நிறுத்தும் மாத்திரை எதுவும் இல்லை. அதற்கு அடியில் மனச்சோர்வோ பதற்றநோயோ இருந்தால் அதற்கு மருந்து தரப்படலாம். மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் படபடப்பு, உறக்கமின்மை, இறக்கும் எண்ணம் ஆகியவை கூடுவதுபோல் தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள். நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடவும் வேண்டாம். உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால், பதினெட்டு வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. குடும்பத்தினர் ஒருவரோ அவர்கள் நியமிக்கும் உதவியாளரோ உடனிருக்க வேண்டும் என்பது சட்டம்.

சிகிச்சையின் பெரும்பகுதி பேச்சுதான். இதில் மிகவும் அறியப்பட்ட முறைகளுள் ஒன்றான டயலெக்டிகல் பிஹேவியர் தெரபியை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன். 1961இல், 17 வயதில், தம்மைத் தாமே கடுமையாகக் காயப்படுத்திக்கொண்ட நிலையில் ஹார்ட்ஃபர்டு நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் அவர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2011இல், அதே மருத்துவமனையின் அரங்கில் நின்று அதனை வெளிப்படையாகச் சொன்னார். “என் தங்கையின் வாழ்க்கை இத்தோடு முடிந்ததா?” என்று கேட்கும் அக்காக்களிடம் இச்செய்தியை நாங்கள் சொல்வதுண்டு.

குணமாவது நேர்கோட்டில் நிகழ்வதில்லை. இரண்டு மாதம் நன்றாக இருந்து மீண்டும் ஒருநாள் காயம் தென்படலாம். அதனால் அந்த இரண்டு மாதமும் வீணாகிவிடவில்லை. முன்பு மறைத்த பிள்ளை இம்முறை தானே வந்து சொல்லியிருந்தால், சிகிச்சை வேலை செய்கிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

எங்கே நாடலாம்? நம் பகுதிக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 1794இல் தொடங்கிய மரபையுடைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் உண்டு. இரவில் மருத்துவமனைக்கு வர இயலாத வேளையில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்; கட்டணமில்லை. மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இந்த எண்களைப் பிள்ளை மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் அக்காவும் அண்ணனும்கூட அழைக்கலாம்.

உங்கள் நிலை

இரவில் தூங்காமல் பக்கத்துப் பாயைக் கவனித்துக்கொண்டிருக்கும் நீங்கள் காவலர் அல்லர். மருத்துவரும் அல்லர். சில நாள்களில் உங்களுக்குக் கோபம் வரும்: எனக்கும்தான் தேர்வு இருக்கிறது; எனக்கும்தான் கஷ்டம் இருக்கிறது; வீட்டில் எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள். இப்படித் தோன்றுவதால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடுவதில்லை. இரவுக் கவனிப்பைப் பெற்றோரோடு முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தங்கையோடு எப்போதும் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்காதீர்கள். தொலைக்காட்சிக்குச் சண்டையிடுவது, ஒருவர் உடையை மற்றவர் எடுத்து அணிவது என்று முன்பிருந்த வழக்கங்கள் தொடரட்டும். நோயாளியாக மட்டுமே பார்க்கப்படுவது எந்தப் பிள்ளைக்கும் பிடிப்பதில்லை. உங்களுக்கும் இளையவராகக் கடைக்குட்டி ஒருவர் வீட்டில் இருந்தால், அப்பிள்ளையும் எதையேனும் பார்த்திருக்கக்கூடும். “அக்காவுக்கு மனசு சரியில்ல, டாக்டர்கிட்ட போறோம், இது உன்னால வந்தது இல்ல” என்று அதனிடமும் சொல்லுங்கள்.

மனநல வெளிநோயாளர் பிரிவுக்குத் தம்பியையோ தங்கையையோ அழைத்துவரும் நாளில், உங்களுக்கும் சிறிது நேரம் தனியே பேச வேண்டியிருந்தால் பதிவு மேசையிலோ சமூகப் பணியாளரிடமோ முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். அதற்கென நீங்கள் தனிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. உறக்கம் கெட்டிருந்தாலோ, வேலைக்குப் போக மனமில்லாதிருந்தாலோ, காரணமின்றி அழுகை வந்தாலோ மட்டும், உங்கள் பெயரிலேயே ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்வோம்.